ஹீரோவுக்கு ஒரு ஹெல்பர்!

எந்தத் தமிழ்ப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். ஹீரோவுக்கு அப்பா இல்லாமல் இருக்கலாம், வேலை இல்லாமல் இருக்கலாம், சில சமயம் கதைகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால், ஃப்ரெண்டு மட்டும் கண்டிப்பாக இருப்பார்!

பைக்கில் பின் சீட்டு அவருக்குத்தான். (ஹீரோயின் வரும் வரைக்கும்! அப்புறம் பாவம், பஸ்.) ஹீரோ காதலிப்பார், லெட்டர் கொண்டு போய் அடி வாங்குவது இவர். ஹீரோ சண்டை போடுவார்; 'டேய், பின்னாடி பாருடா!' என்று கத்துவது இவர். ஹீரோவுக்குக் கல்யாணம், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுவதும் இவரேதான். கடைசியில் 'சுபம்' போடும்போது குரூப் போட்டோவின் ஓரத்தில், பாதி முகம் தெரிகிற மாதிரி நிற்பார்.

இந்த உத்தியோகத்துக்குப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் எப்படி இருக்கும்?

'ஆள் தேவை. பதவி: ஹீரோவின் நண்பர். தகுதி: ஹீரோவைவிட அழகு கம்மியாக இருத்தல் அவசியம். வேலை நேரம்: ஹீரோ கூப்பிடும் நேரம். சம்பளம்: டீ. சிறப்புச் சலுகை: இடைவேளைக்கு முன்பு வில்லன் கையால் சாகும் வாய்ப்பு உண்டு.'

சிரிக்காதீர்கள். கிட்டத்தட்ட இதே மாதிரி போர்டு நிஜமாகவே தொங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள். கம்பெனி கேட்டுகளில், 'ஹெல்பர் தேவை'.

ஃபிட்டருக்கு ஒரு ஹெல்பர், வெல்டருக்கு ஒரு ஹெல்பர், ஆபரேட்டருக்கு ஒரு ஹெல்பர். கேட்டுக்கு வெளியே வந்தால் லாரி டிரைவருக்கு ஒரு கிளீனர், கொத்தனாருக்கு ஒரு சித்தாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க, டார்ச் பிடிக்க, டீ வாங்கி வர. மெஷின் ஓடினால் பேர் ஃபிட்டருக்கு. நின்று போனால் முதல் டோஸ் ஹெல்பருக்கு!

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி லோக்கலிலோ, ஆவடி வழியாகப் போகும் திருவள்ளூர் லோக்கலிலோ ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஏறினால், ஒரு பெட்டி முழுக்க ஹெல்பரும் ஃபிட்டரும் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனும்தான். சினிமா பேசாமல் ஒரு ஸ்டேஷனைக்கூடத் தாண்ட மாட்டார்கள். டிக்கெட் வாங்குவது ஹீரோவுக்காக. ஆனால் பேச்சில் வருவது பெரும்பாலும் அந்த ஃப்ரெண்டுதான். ஏன் என்று யோசித்தால் விஷயம் சிம்பிள். நம்மில் எத்தனை பேர் பத்து பேரை ஒரே ஆளாக அடித்திருக்கிறோம்? அடுத்தவருக்காக ஓடி ஓடிக் கெட்ட பேர் வாங்காதவர்கள்தான் எத்தனை பேர்?

அடியேன் காமர்ஸ் பட்டதாரி. எதற்கும் வரவு - செலவு எழுதிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. இந்த ஃப்ரெண்டு கணக்கையும் புரட்டினேன். இரண்டாயிரம் வருஷத்து லெட்ஜர் கிடைத்தது!

தோழி பேசினாள்... பாங்கன் திட்டினான்!

முதல் பக்கத்தில் இருப்பது ஒரு பெண். சங்க இலக்கியத்து அகப் பாடல்களில் காதலிப்பது என்னவோ தலைவனும் தலைவியும். ஆனால் அதிகம் பேசுகிறவள் தோழி! செவிலித் தாயின் மகள்தான் தோழி என்று தொல்காப்பியம் அவளுக்கு ஒரு பயோடேட்டாவே தருகிறது. ராத்திரியில் சந்திக்க இடம் சொல்வது, அம்மா கண்ணில் மண்ணைத் தூவுவது, 'சும்மா வந்து போயிட்டே இருந்தா எப்படி? எப்போ கல்யாணம்?' என்று தலைவனை மடக்குவது, விஷயம் முற்றினால் வீட்டில் பக்குவமாகப் போட்டு உடைப்பது... எல்லாம் அவள் டிபார்ட்மென்ட். தலைவிக்குக் கல்யாணம் ஆன பிறகும், கணவன் வெளியே சுற்றிவிட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பது அவள்தான்.

தலைவனுக்கும் ஒரு ஆள் உண்டு. அவன் பேர் பாங்கன். 'ஒரு பொண்ணுக்காக இப்படி உருகி நிக்கிறியே, இது உனக்கு அழகா?' என்று கடிந்துகொள்வது அவன் முதல் வேலை. அப்புறம் மனசு இளகி, அந்தப் பெண் நிற்கிற இடத்துக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து தகவல் சொல்வான். இலக்கணத்தில் இதற்குப் 'பாங்கற்கூட்டம்' என்று பேர். நம்ம ஊர் டீக்கடையில் வேறு பேர்!

கவனியுங்கள். அந்தக் காலத்து ஃப்ரெண்டு அடி வாங்கவில்லை. புத்தி சொன்னான். திட்டினான். தலைவனும் கேட்டுக்கொண்டான்.

புராணத்தில் கேட்கவே வேண்டாம். கம்பராமாயணத்தில் ஓடக்காரன் குகனை ராமன் தன் தம்பிகளில் ஒருவனாகவே சேர்த்துக்கொள்கிறான். ஒரே நாளில் இப்படி ஒரு புரமோஷன் எந்தக் கம்பெனியிலும் கிடையாது! பாரதத்தில் இன்னும் விசேஷம். அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டுகிற டிரைவர், சாட்சாத் பகவான். துரியோதனனுக்குத் தோள் கொடுத்த கர்ணனுக்காக இன்றைக்கும் நம் ஊரில் தாய்மார்கள் கண்ணீர் விடுகிறார்கள். துரியோதனனுக்காக யார் அழுகிறார்கள்?

அனுமார் கதை தனி. திருவள்ளூருக்குப் போனால் வீரராகவப் பெருமாள் கோயிலில் ராகவன் சயனத்தில் இருக்கிறார். அதே ஊர்ப் பக்கம் காக்களூரில் அனுமார் விஸ்வரூபம் எடுத்து, ஐந்து முகத்தோடு நெடுநெடுவென்று நிற்கிறார். ஹீரோ படுத்திருக்க, ஹெல்பர் நிற்கிறார். ஷிஃப்ட் சிஸ்டம் அப்போதே இருந்திருக்கிறது!

கட்டியக்காரன் பராக்!

வட தமிழ்நாட்டில், நம்ம திருவள்ளூர்ப் பக்கம் உட்பட, திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் தெருக்கூத்து இருக்கும். கூத்தில் முதலில் வருவது ராஜா இல்லை. கட்டியக்காரன்! அவன் வந்து வணக்கம் சொல்லி, இன்றைக்கு என்ன கூத்து என்று அறிவித்தால்தான் ராஜா திரைக்குப் பின்னாலிருந்து வர முடியும். வந்த ராஜாவையும் சும்மா விட மாட்டான். 'யாருங்க நீங்க? எந்த ஊரு?' என்று கேட்பான். ராஜா பாட்டிலும் செந்தமிழிலும் பதில் சொல்வார். கட்டியக்காரன் அதைப் பேச்சுத் தமிழில் கிண்டலாக உடைப்பான். அவனே சேவகன், அவனே காவல்காரன், அவனே தூதன். ஒரு ஆள், பல போஸ்டிங்! (மேன்பவர் குறைப்பு என்பது புது விஷயம் என்று யார் சொன்னது?)

துரியோதனன் சபையில் நின்றுகொண்டே உள்ளூர் ரோட்டுப் பள்ளத்தையும், தண்ணி வராத குழாயையும் அவன் பேசலாம். ராஜா கோபித்துக்கொள்ள முடியாது. கூட்டமும் அவன் பக்கம்தான். ராஜா கதைக்குச் சொந்தக்காரர். கட்டியக்காரன் ஊருக்குச் சொந்தக்காரன். சமஸ்கிருத நாடகத்து விதூஷகனும் இந்த ஜாதகம்தான். 'மிருச்சகடிக'த்தில் சாருதத்தன் சொத்தெல்லாம் இழந்த பிறகும் அவனை விட்டுப் போகாத மைத்ரேயனை நினைத்துப் பாருங்கள்.

இது நம் ஊரோடு நிற்கிற சமாசாரமும் இல்லை. ஸ்பெயினில் 1605-ல் வெளியான 'டான் குவிக்ஸாட்' நாவலில், காற்றாலையை ராட்சசன் என்று நினைத்து ஈட்டியோடு பாய்கிற எஜமானரிடம், 'ஐயா, அது காற்றாலைங்க' என்று சொல்வது கழுதை மேல் வரும் சான்சோ பான்சா. எஜமானருக்கு வீரம், வேலைக்காரனுக்கு விவேகம். 1887-ல் அறிமுகமான ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பெரும்பாலும் சொல்வது டாக்டர் வாட்சன். வாட்சன் பேனாவை மூடியிருந்தால் ஹோம்ஸ் லண்டனில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த ஒரு வாடகைக்காரர், அவ்வளவுதான்!

வேலைக்காரன் சபாபதி முதல் மாடிப்படி மாது வரை

சினிமா வந்தது. கூத்து மேடையிலிருந்து கட்டியக்காரன் இறங்கி ஸ்டூடியோவுக்கு வந்தார். வரும்போது பேச்சு சுதந்திரத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்துவிட்டார்.

1941-ல் ஏ.வி.எம். எடுத்த 'சபாபதி'யில் எஜமானர் டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரர் காளி என்.ரத்னம். இரண்டு பேருக்கும் ஒரே பேர், சபாபதி! எஜமானர் அசடு, வேலைக்காரர் அதைவிட அசடு. ஒரே பேர் இருந்தாலும் யார் யாருக்கு சோடா உடைப்பது என்பதில் சந்தேகமே கிடையாது.

அதை மாற்றிய பெருமை கலைவாணருக்கு. 1936-ல் 'சதிலீலாவதி'யில் நடிக்க வந்த என்.எஸ்.கிருஷ்ணன், ஹீரோவின் நிழலில் நிற்கவே இல்லை. டி.ஏ.மதுரத்தோடு தனி ஜோடி, தனிப் பாட்டு, தனி டிராக். படத்துக்குள் ஒரு குட்டிப் படம்! மூடநம்பிக்கை, குடி, ஏமாற்று சாமியார் என்று ஹீரோ தொடாத விஷயமெல்லாம் இவர் பேசினார். 1949-ல் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி'யில் கதாநாயகனாகவே வந்தார். கட்டியக்காரனின் வாய் திரும்பக் கிடைத்தது.

அப்புறம் நாகேஷ். ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒல்லி மனிதர். 1964-ல் வெளியான 'சர்வர் சுந்தரம்' இருக்கிறதே... அது சாதாரண கதை இல்லை சார். ஹோட்டல் சர்வர் ஒருத்தியைக் காதலிக்கிறான். அவள் விரும்புவதோ அவன் நண்பனை. வேறு படமாக இருந்தால் முத்துராமன் ஹீரோ, நாகேஷ் ஃப்ரெண்டு, நாலு ஜோக், சுபம். ஆனால் கே.பாலசந்தரின் கதை கேமராவைத் திருப்பி ஃப்ரெண்டு முகத்தில் வைத்தது. அவன் பெரிய நடிகனாகிறான், புகழ் வருகிறது, காதல் மட்டும் வரவில்லை. 1968-ல் 'எதிர்நீச்ச'லில் அதே நாகேஷ், ஒண்டுக்குடித்தனத்தில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, மாடிப்படிக்குக் கீழே படுக்கும் மாது. ஹெல்பர் வேலையில் இருந்துகொண்டே ஹீரோவான முதல் ஆள் மாதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

புத்தகத்திலும் இதே புரட்சி நடந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். தலைப்பு அருள்மொழிக்கு. குதிரை ஓட்டியது, கடல் தாண்டியது, காதலித்தது, பழி சுமந்தது எல்லாம் ஓலை கொண்டு போகிற வந்தியத்தேவன்! சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 'நைலான் கயிறு' நாவலில் தனியாகத்தான் வந்தார். பிறகு வந்து சேர்ந்த வசந்த், சீனியரிடம் அடங்குகிற ஜூனியரா? பாதி வாசகர்கள் கணேஷுக்காகப் படித்தார்கள். மீதிப் பாதி வசந்த் அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை இந்தத் தடவையாவது முழுசாகச் சொல்லுவானா என்று படித்தார்கள். கடைசி வரை சொல்லவில்லை. மகா பாவி!

சப்-காண்ட்ராக்ட் காலம்

எண்பதுகளில் லெட்ஜரில் ஒரு புதுத் தலைப்பு. '16 வயதினிலே' (1977) படத்தில் பரட்டைக்குக் கூஜா தூக்கிய கவுண்டமணி, சில வருஷங்களில் கூஜாவைக் கீழே வைத்துவிட்டார். ஹீரோவையே நக்கல் அடித்தார். ஆனால் உதை வாங்க ஆள் வேண்டுமே? அங்கேதான் செந்தில் வருகிறார்!

சிப்காட் பாஷையில் சொன்னால், ஹீரோவிடம் சிரிப்பு காண்ட்ராக்ட் எடுத்தவர் கவுண்டமணி. அடி வாங்குகிற வேலையை செந்திலுக்கு சப்-காண்ட்ராக்ட் விட்டார். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் லைட்டும், 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழமும் இந்த ஒப்பந்தத்தின் மாஸ்டர் பீஸ்கள். இரண்டிலும் நகைச்சுவைப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் ஏ.வீரப்பன். இன்றைக்கும் அவர் பேர் பலருக்குத் தெரியாது. எழுத்திலும் ஹெல்பர்கள் உண்டு!

'மன்னன்' (1992) ஞாபகம் இருக்கிறதா? ஃபாக்டரித் தொழிலாளிகளான ரஜினியும் கவுண்டமணியும் வேலைக்குப் போகாமல் சினிமாவுக்குப் போய், அங்கே பரிசு விழுந்து, போட்டோ பேப்பரில் வந்து, முதலாளியம்மாவிடம் மாட்டிக்கொள்வார்கள். சிப்காட்டில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் அதைப் படம் என்று சொல்ல மாட்டார்கள். டாக்குமென்டரி என்பார்கள்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் வருகிற ஒரு ஃபிட்டர் அண்ணனிடம், 'செந்திலை உதைச்சா ஏன்ணே அப்படிச் சிரிச்சோம்?' என்று கேட்டேன். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை யோசித்துவிட்டுச் சொன்னார்:

'மேனேஜர் ஃபோர்மேனைத் திட்டுவாரு. ஃபோர்மேன் என்னைத் திட்டுவாரு. நான் ஹெல்பரைத் திட்டுவேன். ஹெல்பர் யாரைத் திட்டுவான்? படத்துக்குப் போவான். அங்க செந்தில் இருந்தாரு. அவருக்குக் கீழே ஆள் கிடையாது தம்பி.'

பொருளாதாரப் பாடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழ விவகாரத்தில் செந்தில் அடி வாங்கினாரே தவிர, பதிலை மாற்றவில்லை. கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் ஒரே பதில். தொழிற்சங்க வரலாற்றில்கூட இவ்வளவு உறுதியான பேச்சுவார்த்தை நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்!

அதே சமயம், அந்தச் சிரிப்பில் ஒரு கசப்பும் இருந்தது. கறுப்பு, குள்ளம், குண்டு, சொட்டை... ஃப்ரெண்டின் உடம்பே ஜோக்கானது. ஸ்கிரீனில் கேட்ட அந்தப் பட்டப்பெயரெல்லாம் மறுநாள் காலை ஸ்கூலுக்கும் ஆபீஸுக்கும் பஸ் பிடித்து வந்துவிட்டன. கேட்டுச் சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். பேர் வாங்கியவர்கள் மறக்கவில்லை.

ஹீரோவே ஹெல்பர்!

அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு செங்கல்லை நகர்த்தினார்கள். காமர்ஸ் படித்து, தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த விவேக், கலைவாணர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். சிரிப்போடு சேர்த்து நாலு விஷயம் சொன்னார். (காமர்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை!)

வடிவேலு கணக்கையே தலைகீழாக்கினார். 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் பெயின்ட் வேலை காண்ட்ராக்டர் நேசமணி அவர். அவரிடம் வேலை பார்க்கிற பையன்கள் விஜய்யும் சூர்யாவும். அதாவது, ஹீரோக்களே ஹெல்பர்கள்! அந்தத் தலையில் விழுந்த சுத்தியலுக்காகப் பதினெட்டு வருஷம் கழித்து, 2019 மே மாதம் இன்டர்நெட்டில் உலகமே பிரார்த்தனை செய்தது. 'வின்னர்' (2003) கதை என்ன என்று கேட்டால் தலையைச் சொறிகிறவர்கள், கைப்புள்ள என்றதும் எழுந்து உட்காருவார்கள்.

சந்தானம் காலத்தில் ஃப்ரெண்டு, ஹீரோவுக்கு ஃபைனான்ஸியர் ஆனார். 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010) ஆர்யா அரியர் வைத்துவிட்டுச் சும்மா சுற்றுகிறவர். சொந்தமாக சலூன் வைத்திருக்கிறவர் ஃப்ரெண்டுதான். அந்தப் பாத்திரத்தின் பேர் நல்லதம்பி! கலைவாணர் பட்டா போட்ட பேர் அறுபத்தொரு வருஷம் கழித்து ஒரு சலூன் போர்டில் வந்து நின்றது. 'நண்பேன்டா' என்ற ஒரே வார்த்தையில் கடன் வாங்கியவர், கொடுத்தவர் இரண்டு பேரும் மடங்கினார்கள்.

சிரிப்பு மட்டுமா மாறியது? 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தில் கூடவே சுற்றிச் சிரிக்க வைத்த காசி, கடைசியில் நண்பனைக் காட்டிக் கொடுத்தபோது தியேட்டர் அப்படியே உறைந்து போனது. நாம் பார்த்துப் பழகிய ஃப்ரெண்டு அதைச் செய்ய மாட்டாரே! காசிக்கும் பசி உண்டு, பயம் உண்டு, தனிக் கணக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

'மண்டேலா' (2021) படத்தில் ஊரே எடுபிடியாக நடத்திய ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுக்காக ஊரே க்யூவில் நிற்கிறது. அவனுக்கு முதலில் கிடைப்பது என்ன? ஒரு பேர்! 'மாமன்னன்' (2023) படத்தில் நாம் பார்த்துச் சிரித்த அதே வடிவேலு சிரிக்காமல், உட்கார ஒரு நாற்காலி கிடைக்காமல் நிற்கிறார். 'கருடன்' (2024) படத்தில், பரோட்டா காமெடி செய்த அதே சூரி, நன்றிக்கும் நியாயத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட விசுவாசி. ஹீரோவுக்காக உயிரைக் கொடுப்பது பழைய கதை. ஹீரோ தப்பு செய்தால் என்ன செய்வது என்று அந்த விசுவாசி யோசிப்பது புதுக் கதை.

ஆக, லெட்ஜரைக் கூட்டிப் பார்த்தால்: வேலைக்காரன், கூட்டாளி, காண்ட்ராக்டர், கடன் கொடுத்தவன், கடைசியில் மனுஷன். நல்ல முன்னேற்றம்தான்!

ஒரு பக்கம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. ஹீரோயினின் தோழி! சங்க காலத்தில் எல்லோரையும்விட அதிகம் பேசியவள், சினிமாவில் 'ஏய்... அவன் உன்னையேதான்டி பாக்கறான்' என்ற ஒரே வசனத்தோடு நிற்கிறாள். மனோரமாவும் கோவை சரளாவும் தங்கள் திறமையால் பிடுங்கிக்கொண்ட இடம் தனி. 'விக்ரம்' (2022) படத்தில் வீட்டு வேலைக்காரம்மாவாக வந்தவர் திடீரென்று ஏஜென்ட் டீனாவாக மாறியபோது விசில் பறந்ததே... அது இரண்டாயிரம் வருஷத்துப் பாக்கி!

இப்போது அந்த இடத்தில் யார்?

கணக்கை இங்கே முடித்துவிட்டால் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரு டவுட். செந்தில் நின்ற இடம் காலியாகவா இருக்கிறது? காலியிடத்தை எந்தக் கம்பெனியும் சும்மா விடாது. ஆள் போட்டுவிடும்.

போட்டாகிவிட்டது. சமீப காலப் படங்களில் பாருங்கள். அரைகுறைத் தமிழ், தலையில் ஒரு தட்டு, 'க்யா பையா' என்று ஒரு முழி... தியேட்டர் சிரிக்கிறது. வடக்கேயிருந்து வந்த பையன்! கும்மிடிப்பூண்டியில் இன்றைக்கு ஹெல்பர் என்றால் பெரும்பாலும் அவன்தான். ஒடிஸா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தோ ரயிலேறி வந்து, ஒரு ரூமில் பத்து பேராகப் படுத்து எழுந்து, நம் ஊர்க் கம்பியையும் காஸ்டிங்கையும் தூக்குகிறவன். யாருக்கும் அவன் பேர் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பேர், 'பையா'.

அதே ஃபிட்டர் அண்ணன் சொன்ன விஷயம் இது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

அவர் லைனில் ஒரு பையா. நைட் ஷிஃப்ட்டில் கன்வேயர் மோட்டார் பக்கம் கையைக் காட்டி 'ஆவாஜ், ஆவாஜ்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். ஆவாஜ் என்றால் சத்தம். உடனே பசங்களுக்குக் கொண்டாட்டம். ஒருத்தன் அவனை மாதிரியே முழித்து 'ஆவாஜ்' என்க, இன்னொருத்தன் சினிமாவில் வருகிற மாதிரி தலையில் தட்ட, லைன் முழுக்கச் சிரிப்பு. ரெண்டு நாள் அதுதான் டீ டைம் காமெடி. மூணாவது நாள் ராத்திரி பேரிங் பிடித்துக்கொண்டது. புகை. லைன் நின்றது. ஷிஃப்ட் பாதி போனது. பக்கத்தில் யாரும் இல்லாததால் ஆளுக்குச் சேதமில்லை.

'பதினஞ்சு வருஷமா ஃபிட்டர் தம்பி நான். எனக்குக் கேக்காத சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கு. அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஆனா நான் அதை வசனமாத்தான் கேட்டேன், தகவலா கேக்கலை.'

இதைவிடத் தெளிவாக இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது.

காமெடியன் என்று ஒருத்தரை முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அவர் என்ன சொன்னாலும் காமெடிதான். 'வலிக்குது' என்றாலும் சிரிப்போம். 'தீப்பிடிக்குது' என்றாலும் சிரிப்போம். கட்டியக்காரனைப் பார்த்தும் ஊர் சிரித்தது. ஆனால் அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டு சிரித்தது. ராஜாவே நின்று பதில் சொன்னார். இரண்டு சிரிப்புக்கும் நடுவே உள்ள வித்தியாசம், அன்றைக்கு அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் ஓர் உயிர்.

கதைகள் மாறியதற்குக் காரணம் டைரக்டர்களின் தாராள மனசு மட்டும் இல்லை. தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் கதை எழுத வந்தார்கள், நடிக்க வந்தார்கள், டைரக்‌ஷன் செய்ய வந்தார்கள். அவர்கள் எழுதும்போது ஃப்ரெண்டுக்குப் பேர் வந்தது, வீடு வந்தது, அம்மா வந்தாள், கோபம் வந்தது. இன்றைக்கு சிப்காட்டில் பையாவின் குழந்தைகள் சில பேர் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் படிக்கிறார்கள். இன்னும் இருபது வருஷத்தில் அதில் ஒருத்தன், நல்ல தமிழில், கும்மிடிப்பூண்டியைப் பற்றி ஒரு படம் எடுப்பான். அதில் ஃபிட்டர், ஃபோர்மேன், அக்கவுன்ட்ஸ் கிளார்க், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கதை கேட்கிற பத்திரிகைக்காரன் என்று நமக்கெல்லாமும் வேஷம் இருக்கும். அந்தப் படத்தில் ஹீரோ நாம் இல்லை என்பது நிச்சயம். ஃப்ரெண்டா, வில்லனா என்பதுதான் கேள்வி!

ஃபிட்டர் அண்ணன் ஃப்ரெண்டு வேஷத்துக்கு இப்போதே அப்ளிகேஷன் போட்டுவிட்டார். லைன் நின்ற மறுநாள் அவனைக் கூப்பிட்டு, 'உன் பேர் என்னப்பா?' என்று கேட்டிருக்கிறார். நாலு எழுத்துப் பேராம். வாயில் நுழைய ரெண்டு நாள் ஆனதாம்.

'இப்ப மெஷின் ஆன் பண்றதுக்கு முன்னாடி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். காதை வெச்சுப் பாத்துட்டு "டீக் ஹை"ம்பான். அதுக்கப்புறம்தான் சுவிட்ச்சு!'